அந்த டயட் பட்டியலை யாருங்க செய்யறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க இணைப்புல மறதி நோய் (டிமென்ஷியா) பத்தி முழுப் பக்கம் ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. கணவனுக்கோ மனைவிக்கோ ஞாபகம் குறைய ஆரம்பிச்சா சர்க்கரையை நிறுத்துங்க, கீரை கொடுங்க, தினமும் நடக்க வைங்க, நல்லா தூங்க வைங்க, குறுக்கெழுத்து போட வைங்க, சில மாசத்துல பழையபடி ஆயிடுவாங்கன்னு எழுதியிருந்தாங்க. ரெண்டு தரம் படிச்சேன். இதையெல்லாம் வீட்ல யாரு செய்யறதுன்னு அந்தப் பக்கத்துல ஒரு வரி கூட இல்ல. செய்யறவ நான், அதனாலதான் எழுதறேன். எங்க வீட்டுக்காரருக்கு அல்ஸைமர்னு மறதி நோயில ஒரு வகை, ஆரம்பக் கட்டம் தாண்டியாச்சு. உங்க கட்டுரை வந்த அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொந்தக்காரங்க மூணு பேர் அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிட்டாங்க, அதுல ஒருத்தர் "நீங்க இதெல்லாம் முன்னாடியே பண்ணியிருக்கலாமே"ன்னு வேற கேட்டாரு.

சாப்பாடு, நடை, தூக்கம் எல்லாம் வேஸ்ட்னு நான் சொல்ல வரல. எங்க வீட்ல எல்லாத்தையும் மாத்தியிருக்கோம், பலனும் இருக்கு. ஆனா அந்தப் பலன் "பழையபடி ஆயிடுவாங்க" கிடையாது. சரியா சமைச்சுப் போட்டா குணமாயிடும்னு பேப்பர்லயே போட்டுட்டீங்கன்னா, குணமாகாதப்போ பழி வந்து உக்கார்ற இடம் அடுப்படிதான்.

கட்டுரையில பின்லாந்து ஆய்வுன்னு ஒண்ணைப் போகிற போக்குல சொல்லியிருந்தாங்க. ஃபிங்கர் ஆய்வுன்னு பேரு, 2015ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்தது. 60லேர்ந்து 77 வயசு வரைக்கும் உள்ள 1,260 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிப் பேருக்கு ரெண்டு வருஷம் உணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, பிபி சுகர் கண்காணிப்புன்னு எல்லாத்தையும் சேர்த்துக் கொடுத்தாங்க, இன்னொரு பாதிக்குப் பொதுவான அறிவுரை மட்டும். முதல் குழு யோசனை, ஞாபக டெஸ்ட்ல கொஞ்சம் நல்லாவே பண்ணுச்சு, உண்மைதான். ஆனா அவங்க யாருக்கும் டிமென்ஷியா கிடையாது, வர வாய்ப்பு இருக்கறவங்க, அவ்வளவுதான். வராம தள்ளிப் போடறது வேற, வந்ததைத் திருப்பி அனுப்பறது வேற இல்லீங்களா? இன்னொண்ணு, அங்க சாப்பாட்டுக்கு நியூட்ரிஷனிஸ்ட் இருந்தாங்க, உடற்பயிற்சிக்கு பிஸியோதெரபிஸ்ட், பிபி பாக்க நர்ஸ், டாக்டர், பயிற்சிக்கு ஒரு சைக்காலஜிஸ்ட். அதுபோக பங்கெடுத்தவங்களே தானா நடந்து வந்து தானா செஞ்சாங்க. வீட்ல அத்தனை பேர் வேலையும் ஒரே ஆள் தலையில, அதுவும் "நான் எதுக்கு நடக்கணும்"னு கேக்கற மனுஷனை வச்சுக்கிட்டு.

2025ல அமெரிக்காவுல அதே மாதிரி பெருசா ஒண்ணு பண்ணி ஜாமா இதழ்ல போட்டாங்க, யு.எஸ். பாயிண்டர்னு பேரு, 2,111 பேர். அதுலயும் டிமென்ஷியா வராதவங்கதான். ஒரு குழுவுக்கு ரெண்டு வருஷத்துல 38 கூட்டம், கூடவே இருந்து வழிநடத்த ஆள். இன்னொரு குழுவுக்கு 6 கூட்டம், மத்தபடி அவங்கவங்க பாத்துக்கணும். ரெண்டு குழுவும் முன்னேறுச்சு, ஆள் துணை இருந்த குழு கொஞ்சம் கூடுதலா. நான் இதுல பாக்கறது அந்தக் கூட்டங்களைத்தான். கீரை என்னன்னு ரெண்டு குழுவுக்கும் தெரியும், பக்கத்துல ஆள் இருந்தாதான் அது தொடர்ந்து நடக்குது.

மைண்ட் டயட்னு கட்டுரையில கட்டம் கட்டிப் போட்டிருந்தீங்களே, கீரை, பருப்பு, முழு தானியம், கொட்டைகள், மீன், பெர்ரின்னு. அதை முறையா சோதிச்சு 2023ல நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னல்ல முடிவு வந்தது, 604 பேர், 3 வருஷம். அந்த டயட் சாப்பிட்டவங்களுக்கும், வழக்கமான சாப்பாட்டையே கொஞ்சம் அளவு குறைச்சு சாப்பிட்டவங்களுக்கும் நடுவுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. அதனால அது கெட்ட டயட்னு ஆயிடாது, இதயத்துக்கும் பிபிக்கும் நல்ல சாப்பாடுதான், நாங்களும் கிட்டத்தட்ட அதைத்தான் சாப்பிடறோம். ஆனா இந்த முடிவையும் ஒரு வரி சேர்த்திருக்கலாமில்ல?

45 சதவீதம் தடுக்கலாம்னு தலைப்புக்குக் கீழ பெருசா போட்ட எண்ணும் அப்படித்தான். அது அதே லான்செட் இதழோட நிபுணர் குழு (லான்செட் கமிஷன்) 2024ல கொடுத்த அறிக்கை. உலகம் பூரா உள்ள டிமென்ஷியாவுல ஏறக்குறைய 45 சதவீதம், 14 காரணிகளைச் சின்ன வயசுலேர்ந்தே எல்லாருக்கும் சரி பண்ணிட்டா தடுக்கவோ தள்ளிப் போடவோ வாய்ப்பிருக்குன்னு ஒரு கணக்கு, எங்க வீட்டுக்காரருக்கு 45 சதவீதம் ஞாபகம் திரும்பி வரும்னு அதுல எங்கயும் இல்ல. அந்த 14ஐயும் எடுத்துப் பாருங்க: காது கேளாமை, பார்வைக் குறை, பிபி, சுகர், கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகை, குடி, உடலசைவு இல்லாதது, மனச்சோர்வு, தலையில அடி, தனிமை, காத்து மாசு, படிப்புக் குறைவு. சாப்பாடுன்னு தனியா ஒண்ணு அதுல இல்லவே இல்ல, பிபி சுகர் கொழுப்பு எடை வழியா உள்ள வருது, அவ்வளவுதான். உங்க பக்கத்துல முக்கால்வாசி சாப்பாடு, காதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

சிலருக்கு நிஜமாவே சரியாயிருக்கேன்னு கேப்பீங்க. ஆமா. லேசான ஞாபகக் குறைவுன்னு ஒரு கட்டம் இருக்கு, எம்.சி.ஐ.ன்னு டாக்டருங்க எழுதுவாங்க. அதுல இருக்கற எல்லாருக்கும் டிமென்ஷியா வராது, சிலர் அப்படியே இருப்பாங்க, சிலர் திரும்ப நார்மலுக்கே வந்துடுவாங்க. பி12 குறைஞ்சு, தைராய்டு மந்தமாகி, மனச்சோர்வுல, குறட்டையோட மூச்சு நின்னு நின்னு தூக்கம் கெட்டு இப்படி ஆனவங்களும் அந்தக் கும்பல்லதான் இருப்பாங்க. அப்படி ஒருத்தர் தேறி வந்த நேரத்துல ஏதோ ஒரு டயட்டுல இருந்தாருன்னா பேரு முழுக்க டயட்டுக்குப் போயிடும்.

அதனால என்னைக் கேட்டா கட்டுரையோட முதல் வரியே "சமையலறைக்குப் போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போங்க"ன்னுதான் இருந்திருக்கணும். ரத்தத்துல பி12, தைராய்டு, சோடியம், சுகர் பாக்கணும், தலையில ஸ்கேன் தேவையான்னு கேக்கணும், சாப்பிடற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில அள்ளிப் போட்டு எடுத்துட்டுப் போயி டாக்டர் மேஜையில கொட்டணும். சுகருக்குப் பல வருஷமா மெட்ஃபார்மின் போடறவங்களுக்கு பி12 இறங்கும், அசிடிட்டிக்குன்னு நிறுத்தாம போடற மாத்திரையும் அதையே செய்யும். சளி அலர்ஜிக்குப் போட்டா தூக்கம் வருமே அந்த மாதிரி மாத்திரை, சிறுநீர் அடக்க முடியலன்னு கொடுக்கற சில மாத்திரை, பழைய ரக மனச்சோர்வு மாத்திரை சிலது, இதெல்லாம் வயசானவங்களுக்கு மூளையை மந்தமாக்கும். எங்க வீட்லயே நடந்தது. ஞாபகத்துக்கு டோனெபெசில் ஆரம்பிச்சாங்க, அது மூளையில அசிடைல்கோலின்னு ஞாபகத்துக்கு வேண்டிய ஒரு ரசாயனத்தை அதிகமா தங்க வைக்கற மாத்திரை. அது சிலருக்கு சிறுநீர் அவசரத்தைக் கிளப்பும், இவருக்கும் கிளப்புச்சு. அதுக்கு வேற ஒரு டாக்டர் ஒரு மாத்திரை எழுதினாரு, அது அதே அசிடைல்கோலினைத் தடுக்கற ரகம். ஒரு கையால கொடுத்து மறு கையால பிடுங்கற கதை. மூணாவதா பாத்த டாக்டரம்மா சீட்டை வரிசையா வச்சுப் பாத்துட்டு அந்த ரெண்டாவது மாத்திரையை நிறுத்தினாங்க, சில வாரத்துல மனுஷன் பகல்ல கண்ணைத் திறந்து பேச ஆரம்பிச்சாரு. எந்தக் கீரையும் அந்த வேலையைச் செஞ்சிருக்காது. (நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க, டாக்டரைக் கேட்டுத்தான்.)

அடுத்தது காது. பேசறது பாதி விழாதப்போ "மறந்துட்டாரு"ன்னு நாம நினைச்சுக்கறோம், அவர் கேக்கவே இல்லங்கறதுதான் நிஜம். 2023ல அச்சீவ்னு ஒரு ஆய்வு வந்தது, 70லேர்ந்து 84 வயசு, 977 பேர். மொத்தமா பாத்தா ஹியரிங் எய்டால பெரிய வித்தியாசம் தெரியல, ஆனா ஞாபகம், யோசனை சரியற ஆபத்து ஏற்கனவே அதிகமா இருந்த குழுவுல மட்டும் 3 வருஷத்துல அந்தச் சரிவு 48 சதவீதம் மெதுவாச்சு. இவருக்கு மாட்டினதுல ஞாபகம் ஒண்ணும் திரும்பல, ஆனா டிவி சத்தம் குறைஞ்சது, எங்க ரெண்டு பேர் குரலும் குறைஞ்சது, பேரப்பிள்ளைங்க போன்ல பேசினா பதில் சொல்றாரு. அதை தினம் மாட்டி விடறது, சார்ஜ் போடறது, கழட்டி சட்டைப் பாக்கெட்ல போட்டாரா சோபா இடுக்குல போட்டாரான்னு தேடறது எல்லாம் யாரு வேலைன்னு தனியா சொல்லணுமா.

சரி, சாப்பாட்டுக்கு வரேன். எங்க வீட்ல முதல்ல மாத்தினது என்னோட சாப்பாட்டை. அவருக்கு மட்டும் தனி டயட், தனி தட்டு, மத்தவங்களுக்கு வேற ஒண்ணுன்னு வச்சா "எனக்கு ஏன் இது, உனக்கு ஏன் அது"ன்னு தினம் பஞ்சாயத்து. வேண்டாத பொருளை வாங்கறதையே நிறுத்திட்டு ரெண்டு பேரும் ஒரே சாப்பாடுன்னு ஆக்கினதும் சண்டை பாதி போச்சு. வீட்ல இல்லாததை யாரும் கேட்டு அடம் பிடிக்கறதில்ல, டப்பாவுல இருக்கறதைக் கொடுக்க மாட்டேன்னாதான் வம்பு. எனக்கும் பிபி கொஞ்சம் இறங்கியிருக்கு, இந்த நோயால எனக்குக் கிடைச்ச ஒரே லாபம்.

இனிப்பு மேல இவங்களுக்கு ஆசை திடீர்னு அதிகமாகும், நோயோட ஒரு பகுதி அது. வாசனை தெரியறது முன்னாடியே குறைஞ்சுடுது, நாக்குக்கு எட்டற ருசி இனிப்புதான். அதைத் திருட்டுத்தனம்னு நினைச்சு அலமாரியைப் பூட்டி மனுஷனைக் கைதி மாதிரி நடத்தறதுல எனக்கு உடன்பாடில்ல. பழம் வெட்டி கண்ணுல படற இடத்துல வச்சுடுவேன், அவரே வந்து எடுத்துக்கறாரு.

உங்க கட்டுரை பூரா எதைக் குறைக்கணும்னே இருந்தது. கொஞ்ச நாள் போனா இந்த நோயில பிரச்சினை தலைகீழாயிடும்ங்க, எடை கூடறது இல்ல, எடை இறங்கறதுதான். பசி தெரியாது, சாப்பிட்டோமா இல்லையான்னு தெரியாது, தட்டு முன்னாடி உக்காந்து அடுத்து என்ன செய்யணும்னே தெரியாம இருப்பாங்க. எங்க வீட்ல வெள்ளைத் தட்டுல வெளிர் நிறச் சாப்பாட்டை வச்சா ஓரத்துல இருக்கற கலர் கறியை மட்டும் சாப்பிட்டுட்டு எழுந்துடுவாரு, மீதி அப்படியே இருக்கும். ரொம்ப நாள் ருசி பிடிக்கலன்னு நினைச்சேன். அப்புறம்தான் பாஸ்டன்ல 2004ல வந்த ஒரு ஆய்வு பத்திப் படிச்சேன், நோய் முத்தினவங்க 9 பேருக்குப் பளிச்சுனு சிவப்புத் தட்டு, சிவப்பு டம்ளர் கொடுத்தப்போ சாப்பாடு 25 சதவீதமும் குடிக்கறது 84 சதவீதமும் கூடியிருக்கு. 9 பேர்தான், ரொம்பச் சின்ன ஆய்வு, பெருசா பேச முடியாது. ஆனா ஒரு சிவப்புத் தட்டுக்கு என்ன பெரிய செலவு, வாங்கிட்டேன். இப்போ தட்டோட நடுப்பகுதியும் காலியாகுது. ஒரே நேரத்துல நாலு வகை வைக்கறதில்ல, ஒண்ணு முடிச்சதும் இன்னொண்ணு. டிவி ஆஃப். ஸ்பூன் சரிப்படாத அன்னிக்கு கையால எடுத்துக் கடிக்கற மாதிரி துண்டு துண்டா. நானும் எதிர்ல உக்காந்து அதையே சாப்பிடறேன், என் கையைப் பாத்துத்தான் அவர் கை போகுது.

தண்ணியும் அப்படித்தான், தாகம் எடுக்கறது அவங்களுக்குத் தெரியாது. "தண்ணி குடிச்சீங்களா"ன்னு கேட்டா எப்பவும் குடிச்சாச்சுன்னுதான் பதில், அதனால கேக்கறதை விட்டுட்டு நான் குடிக்கும்போது கையில ஒரு டம்ளரைக் கொடுத்துடறேன். ரெண்டு நாள்ல திடீர்னு குழப்பம் ஏறுச்சு, ஆளே வேற மாதிரி ஆயிட்டாருன்னா நோய் முத்திடுச்சுன்னு உக்காந்துடாதீங்க, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணி பத்தாதது, புதுசா ஆரம்பிச்ச மாத்திரைன்னு எதுவா வேணா இருக்கலாம், உடனே டாக்டரைப் பாக்கணும்.

சுகர் உள்ளவங்களுக்கு ஒண்ணு. சர்க்கரையை அடியோட நிறுத்துங்கன்னு கட்டுரையில இருக்கு. இன்சுலினோ சுகரை இறக்கற மாத்திரையோ போட்டுட்டு சாப்பிட மறந்துட்டா லோ சுகர் ஆகும், போட்டதை மறந்து இன்னொரு தரம் போட்டாலும் ஆகும். மூளைக்கு ஹை சுகரை விட அந்த நிமிஷத்துல லோ சுகர் பெரிய ஆபத்து. டிமென்ஷியா உள்ள வயசானவங்களுக்கு சுகர் இலக்கைக் கொஞ்சம் தளர்த்தியே வைக்கணும்னுதான் இப்போ டாக்டருங்க வழிகாட்டுதல்லயே இருக்கு. மாத்திரை டப்பா அவர் கைக்கு எட்டாத இடத்துல, கொடுக்கறது நான், எழுதி வைக்கறதும் நான்.

ஞாபகத்துக்குன்னு விக்கற ஜின்கோ மூலிகை மாத்திரை விளம்பரம் அதே பக்கத்துக்குக் கீழயே வந்திருந்தது, அதையும் சொல்லிடறேன். 3,000 பேருக்கு மேல வச்சு சுமார் 6 வருஷம் பாத்து 2008ல முடிவு சொல்லிட்டாங்க, டிமென்ஷியாவைத் தடுக்கலன்னு. மூளை சரிவைக் குறைக்க பி வைட்டமின், ஈ வைட்டமின், ஒமேகா மாத்திரை எதையும் சிபாரிசு பண்ண மாட்டோம்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லியாச்சு. ரத்தத்துல குறைவா இருந்து டாக்டர் எழுதிக் கொடுக்கற பி12 வேற விஷயம்.

நடக்கறதுல எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஆனா "வாக்கிங் போகலாம் வாங்க"ன்னா வர மாட்டாரு, "இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க, கடைக்குப் போயிட்டு வந்துடுவோம்"னா செருப்பு மாட்டிட்டு முன்னாடி நிப்பாரு. வேலைன்னா வருவாரு, வைத்தியம்னா வர மாட்டாரு. குறுக்கெழுத்தும் அந்த மாதிரிதான், விடை வராத கட்டத்தைப் பாத்துப் பாத்து அவருக்குக் கோவம்தான் வந்தது, எடுத்து வச்சுட்டேன். துணி மடிக்கறது, பட்டாணி உரிக்கறது, பழைய போட்டோ பாத்து ஆளுங்க பேரைச் சொல்றது, பேர் தப்பானாலும் நான் திருத்தறதில்ல. சாயங்காலம் இருட்டற நேரத்துல ஒரு தவிப்பு வரும், வீட்டுக்குப் போகணும்பாரு, வீட்லயே இருந்துக்கிட்டு. காலையில வெயில்ல கூட்டிட்டுப் போறது, மத்தியானத் தூக்கத்தைக் குறைக்கறது, சாயங்காலம் சீக்கிரமே லைட்டைப் போடறது, இதுல அது கொஞ்சம் அடங்குது. எல்லா நாளும் இல்ல.

ராத்திரி அவர் எழுந்தா நானும் எழுந்துக்கணும், கீழ விழுந்துட்டா என்ன பண்றது. தூங்க வைங்கன்னு எழுதினவருக்கு அவரைத் தூங்க வைக்கற ஆள் எப்போ தூங்கும்னு தோணல. இப்போ வாரத்துல ரெண்டு ராத்திரி மகன் வந்து அவர் ரூம்ல படுத்துக்கறான், அந்த ரெண்டு ராத்திரிக்கு அடுத்த நாள்தான் எனக்கு ஒழுங்கா சமைக்க, பொறுமையா பேச முடியுது. "என்ன டயட் கொடுக்கறீங்க"ன்னு போன் பண்றவங்க "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் நான் வந்து உக்காந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னு சொன்னா அந்த டயட்டு தானா நடக்கும்.

உங்ககிட்ட ரெண்டு விஷயம் கேக்கறேன். அந்த "சில மாசத்துல பழையபடி" வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க, உள்பக்கத்துல சின்னதா போட்டாலும் சரி. அடுத்த தடவை இதே விஷயத்தை எடுக்கும்போது ஒரு நரம்பியல் டாக்டர்கிட்டயும், காது டெஸ்ட் பண்றவங்ககிட்டயும், வீட்ல இருந்து பாத்துக்கற நாலு கணவன் மனைவிங்ககிட்டயும் பேசிட்டு எழுதச் சொல்லுங்க. என்கிட்ட பேசணும்னா மதியம் அவர் சாப்பிட்டு முடிச்ச அப்புறம் போன் பண்ணச் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி எடுக்க முடியாது.

பெயரையும் ஊரையும் போட வேண்டாம்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
உங்க பேப்பரை ரொம்ப வருஷமா வாங்கற ஒரு வாசகி